சிறார் நட்பும் நல்லினமும்



ஒரு குழந்தைக்கு ஆசிரியர் எத்தனை பேர் என்று வினவினால் தாய், தந்தை, பள்ளியாசான் என மூவரை எண்ணிக் காட்டுவோம். நான்காமவர் ஒருவரும் உளர். அவர் அக்குழந்தையின் உயரமே உடையவர். அக்குழந்தை அமரும் பலகையிலேயே அமர்பவர். கையில் கோலோ ஏடோ இல்லாதவர். அவர்தாம் விளையாட்டுத் தோழர். தாயும் தந்தையும் நூறு முறை சொல்லியும் பதியாத ஒன்று, தோழன் ஒருமுறை நகைத்தவுடன் குழந்தையின் நெஞ்சில் பதிந்துவிடுவதைப் பெற்றோர் அனைவரும் அறிவர்.

நம் சான்றோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சமண முனிவர்கள் அருளிய நாலடியாரில் நல்லினம் சேர்தல், நட்பாராய்தல், நட்பிற் பிழை பொறுத்தல், கூடா நட்பு எனத் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. திருக்குறளிலும் சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரம் உண்டு. இவற்றையெல்லாம் வளர்ந்தோர்க்கு உரியவை என்று கருதியே நாம் ஓதி வருகிறோம். ஆயின் ‘இனம்’ என்னும் கூட்டுறவு முதன்முதலாக மனிதனைப் பற்றுவது முதல் வகுப்பிலும் அதற்கு முன்னரும் அன்றோ? ஆதலின் இவ்விதழில், பள்ளிச் சிறாரின் கூட்டுறவு, ஆண் என்றும் பெண் என்றும் அவர்கள் ஒருவரையொருவர் காணும் பார்வையை எவ்வாறு வனைகிறது என்பதையும், சிராவகராகிய நாம் அதன்பொருட்டுச் செய்யத்தக்கது யாது என்பதையும் சிந்திப்போம்.

விளையாட்டுத் திடலில் நிகழ்வது

குழந்தை ஏறத்தாழ மூன்று வயதில் தான் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் தன்னை ஒத்தவரைத் தேடிச் சேர்கிறது. அமெரிக்க நாட்டு உளநூல் அறிஞர்களான எலினார் மக்கோபியும் கரோல் ஜாக்லினும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், நாலரை வயதுக் குழந்தைகள் எதிர்ப்பாலாருடன் விளையாடும் நேரத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு நேரம் தம் பாலாருடன் விளையாடினர் என்றும், ஆறரை வயதில் அது 11 மடங்காயிற்று என்றும் கண்டனர். இரண்டே ஆண்டுகளில் இத்துணை இடைவெளி! மேலும் 2001-இல் கரோல் மார்ட்டின், ரிச்சர்ட் ஃபேப்ஸ் என்னும் இருவர், இளஞ்சிறாரைப் பல திங்கள் தொடர்ந்து நோக்கினர். கல்வியாண்டின் முற்பகுதியில் தம் பாலாருடனே மிகுதியும் கூடியிருந்த குழந்தைகள், பிற்பகுதியில் அந்தந்தப் பாலுக்குரியவை என்று சொல்லப்படும் நடத்தைகளை மேலும் அழுத்தமாகக் கைக்கொண்டிருந்தனர். மருந்தின் அளவு கூடக் கூட அதன் விளைவு கூடுவதுபோல, கூட்டுறவின் அளவுக்கேற்ப இயல்பும் மாறிற்று.

இவ்வாறு தம்மையொத்தவரை நாடுவது ஒரு குற்றமா எனின், அன்று. ஓடியாடும் விருப்பம், விளையாட்டின் வகை, பழக்கத்தின் எளிமை ஆகிய பல காரணங்களால் அது நிகழ்கிறது. நாஞ்சில் நாட்டுத் தெருக்களில் சிறுமியர் பாண்டி ஆடுவதும் சிறுவர் கிட்டிப்புள் அடிப்பதும் எவர்க்கும் தீங்கு செய்வன அல்ல. இரு குழுக்களுக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கப்பட்டு, அக்கோட்டைக் கடப்பவரை மற்றவர் ஒறுக்கத் தொடங்கும்போதே தீங்கு பிறக்கிறது.

பூத்தொடுக்க விரும்பும் சிறுவனை எண்ணிப் பாருங்கள். “ஏலே, நீ என்ன பொம்பளப் புள்ளையா?” என்று தோழன் ஒருவன் கேட்கிறான், சூழ நின்றோர் நகைக்கின்றனர். அச்சிறுவன் நாரைக் கீழே போடுகிறான். மறுநாள் வேறொருவன் பூவைத் தொட்டால் முதலில் நகைப்பவன் இவனாகவே இருப்பான். அவ்வாறே, ஓடிப் பிடிப்பதில் வல்ல சிறுமி கிளித்தட்டில் சேர வந்தால், “பொட்டப் புள்ளைக்கு இங்க என்ன சோலி?” என்று விரட்டுகின்றனர். தோழியரிடம் திரும்பினாலோ, “நீ பையன்கூடச் சேருகிறவள்தானே” என்று அவர்களும் முகம் திருப்புகின்றனர். தாயும் தந்தையும் ஆசிரியரும் அறியாத இடத்தில், ஒரு நொடியில் இத்தீர்ப்பு வழங்கப்படுகிறது. இதற்கு மேல்முறையீடு இல்லை.

இத்தீர்ப்பின் பொருளின்மையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாகர்கோவிலுக்கு அண்மையிலுள்ள தோவாளையில் மலர் தொடுத்தல் ஆடவர்க்கும் உரிய தொழிலாகும். தலைமுறை தலைமுறையாக ஆடவர் கைகள் பின்னிய மாலைகள் கோயில்களுக்குச் சென்றுள்ளன. தோவாளை மாணிக்கமாலை 2025-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஓரூரில் தந்தையர் குடும்பம் காக்கும் தொழில், அடுத்த ஊர்ப் பள்ளித் திடலில் ஒரு சிறுவனுக்கு இழிவாகிறது எனின், அவ்விழிவு பூவில் இல்லை, நாரில் இல்லை, அவன் கையிலும் இல்லை. அது கூடி நின்றோரின் நகைப்பில் மட்டுமே உளது.

நகை, அச்சம், அருவருப்பு

அன்பர்களே, இந்நிகழ்வை நம் ஆகமம் எவ்வாறு காணும் என்று இனி நோக்குவோம். எண்வினைகளுள் உயிரை மயக்குவது மோகனீயம். அதில் ஒழுக்கத்தை மயக்கும் பகுதி 25 வகைப்படும். வெகுளி, செருக்கு, மாயம், பற்று என்னும் கஷாயங்கள் நான்கும் நந்நான்காய் விரிந்து 16; அவற்றிற்குத் துணையாய் நிற்கும் நோகஷாயங்கள் 9. அவ்வொன்பதாவன: நகை, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு, பெண்வேதம், ஆண்வேதம், நபும்சக வேதம்.

இப்பட்டியலை ஒருகால் மெல்லப் படித்துப் பாருங்கள். சிறார் கூட்டத்தில் ஆண் பெண் கோட்டைக் காவல் செய்யும் படைவீரர் அனைவரும் இங்கே ஒருங்கே நிற்கின்றனர். ஒருவன் நகைக்கிறான், அது ஹாஸ்யம். நகைக்கப்பட்டவன் தன் விருப்பத்தை மறைக்கிறான்; அது பயம். எதிர்க் குழுவினரைத் தொட்டாலே தீட்டு என்பதுபோல் கையை உதறித் துடைத்துக் கொள்கின்றனர். அது ஜுகுப்ஸை எனும் அருவருப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் பாரி தோர்ன் என்னும் அம்மையார் தொடக்கப் பள்ளிகளில் நெடுநாள் அமர்ந்து கண்டவற்றை 1993-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அங்குள்ள சிறாரிடமும் இதே விளையாட்டு, ஒருவரைத் தொட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்னும் பாவனையோடு நிகழ்ந்ததை அவர் பதிவு செய்துள்ளார். நாடு வேறு, மொழி வேறு, நோகஷாயம் ஒன்றே.

அவ்வம்மையார் கண்ட மற்றொன்றும் நம் கருத்திற்கு உரியது. காண்போர் பலர் கூடிய திடலில் கோடு அழுத்தமாக விழுகிறது. அண்டை வீட்டு முற்றத்திலோ, அனைவரும் மனம் ஒன்றிச் செய்யும் ஒரு பணியிலோ அக்கோடு மங்கிவிடுகிறது. அதாவது, தனியே இருக்கும் குழந்தைக்கு எதிர்ப்பாலார் மேல் பகை இல்லை. கூட்டத்தின் கண் தன்மேல் விழும்போதே அது பகையை உடுத்திக் கொள்கிறது. நம் நூல்கள் ‘உலக மூடம்’ என்று இடித்துரைப்பது, ஆராயாமல் உலகத்தார் செய்வதையே தானும் செய்து அதனை அறமெனக் கருதும் மயக்கத்தை அன்றோ? ஆற்றில் மூழ்குவதாலும் கற்குவியல் எழுப்புவதாலும் அறம் விளையும் என்று நம்புவதை மட்டும் உலக மூடம் என்று எண்ணி அமைதி அடைய வேண்டா. ஆறு வயதுக் குழந்தைக்கு அதன் வகுப்பறையே உலகம்; அவ்வுலகத்தைப் பின்பற்றுவதே அதன் முதல் உலக மூடம்.

உயிரின் இயல்பு

இனி இதன் அடிப்படைக்கு வருவோம். உயிரின் இலக்கணம் உபயோகம். அஃதாவது அறிதலும் காண்டலும். ஆணுடம்பும் பெண்ணுடம்பும் நாமகர்மத்தின் ஆக்கம். ஆண் பெண் என்னும் உணர்வு வேறுபாடுகளோ, மேற்கூறியவாறு நோகஷாயங்களுள் மூன்று. உயிர் இவற்றை அணிந்து வருகிறது. பின்னர்க் களைந்து செல்கிறது. பிறவிதோறும் மாறும் ஓர் ஆடையைக் காட்டி, “நீ இதற்கு ஆகாய்” என்று ஓர் உயிரை மற்றோர் உயிர் தள்ளுமாயின், அது நற்காட்சி ஆகாது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பெண்பிறப்பில் வீடுபேறு உண்டா என்பதில் திகம்பரரும் சுவேதாம்பரரும் கருத்து வேறுபடுவர். பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய மல்லிநாதர் பெண்ணாகத் தோன்றியவர் என்பது சுவேதாம்பரர் கொள்கை. திகம்பரர் அதனை ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டை யாம் மறைக்கவில்லை. ஆயினும் இப்பஞ்சம காலத்தில் இப்பரத கண்டத்திலிருந்து ஆடவரும் நேரே வீடு எய்துவதில்லை என்பது இரு சாராரும் உடன்பட்ட கொள்கை. எனவே அவ்வாதத்தை எடுத்து வந்து ஒரு சிறுமியின் கணக்கு ஏட்டின் மேலோ, ஒரு சிறுவனின் கண்ணீரின் மேலோ வைத்தல் பொருந்தாது. அறிவு, அருள், விரதம், பொறுமை ஆகியவற்றை இருபாலார்க்கும் ஒப்பவே விதித்தது நம் அறம். மகாவீரர் அமைத்த சங்கம் துறவியர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என நான்கு கால்களில் நிற்பது. அதில் துறவியர் 14,000 என்றும் ஆர்யிகையர் 36,000 என்றும் கல்பசூத்திரம் கூறும்.

முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர், தம் மகளிர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறுகிறது. உலகிற்கு முதன்முதல் எண்ணும் எழுத்தும் பெண்குழந்தைகளின் வழியே வந்தன என்பதே நம் மரபு. “கணக்குப் பையன்களுக்குத்தான் வரும்” என்று ஒரு சிறுவன் சொல்ல, அதனை நம்பித் தலைகுனியும் சிறுமிக்கு நாம் கூறத்தக்க மறுமொழி இதுவே: எண்ணை முதலில் கற்றவள் சுந்தரி.

தென்கோடியின் கற்சான்று

இது புராணத்தோடு நின்ற செய்தி அன்று. தமிழகத்தின் தென்கோடியில் கல்லிலும் நிற்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அண்மையில் உள்ள சிதறால் மலையைப் பலரும் தரிசித்திருப்பீர்கள். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி ஆகியோர் உருவங்களோடு, தன் மக்களை உடனிருத்திச் சிங்க ஊர்தியுடன் நிற்கும் அம்பிகையின் உருவமும் அங்குள்ள பாறையில் செதுக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அவ்விடம் பகவதி கோயிலாக மாறியும் திருவுருவங்கள் அழியாது நிற்கின்றன. நாகர்கோவில் நாகராசர் கோயிலின் தூண்களிலும் தீர்த்தங்கரர் உருவங்கள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்னும் சமணப் பெரியோர் பெயர்கள் காணப்படுகின்றன.

சிதறால் மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகட்கு முன், பொன்னணி அளித்த ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் அரசரோ வணிகரோ அல்லர். பேராயக்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்தியார். குரத்தி என்பது குரவர் என்னும் சொல்லுக்குப் பெண்பால். ஆசிரியை என்பது பொருள். திருச்சாரணத்துக் குரத்திகள் என்னும் பெயர் இம்மலையைக் கடந்து கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இடம்பெறுகிறது. வட தமிழகத்தில் வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், துறவியர் கூட்டத்தில் பிணக்கு எழுந்தபோது, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கரையும் காத்து உணவளிக்க அவ்வூரார் முன்வந்தனர் என்றும் கல்வெட்டு உரைக்கிறது.

இச்செய்திகளில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. பெண் ஆசிரியையாய் அமர்ந்தபோது சமணம் நகைக்கவில்லை. அவர் பெயரைக் கல்லில் வெட்டியது என்பது ஒன்று. கூட்டத்தில் ஒருவர் தனித்து விடப்படும்போது, சுற்றி நிற்போர் அவர் பக்கம் சென்று நிற்பதே அறம் என்பது மற்றொன்று. வேடல் ஊரார் அன்று செய்ததைப் பள்ளித் திடலில் ஒரு குழந்தை செய்யுமா என்பதே இன்று நம் முன் நிற்கும் வினா.

ஒரே வகுப்பு, இரு வரிசை

குமரி மாவட்டம் கல்வியில் முன்னணியில் நிற்பது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அங்கு எழுத்தறிவு பெற்றோர் 91.75 விழுக்காடு, தமிழக மாவட்டங்களுள் அதுவே மிகுதி. ஆடவர் 93.65, மகளிர் 89.90. மாநில அளவில் மகளிர் எழுத்தறிவு 73.44 விழுக்காடே என்பதை நோக்கின் இதன் பெருமை விளங்கும். இரு நூற்றாண்டுகட்கு முன் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் நாகர்கோவிலில் பெண்குழந்தைகட்குப் பள்ளி நிறுவியதும், தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியராய் வாழ்ந்து குழந்தைகட்கெனப் பாடல்கள் இயற்றியதும் அம்மண்ணின் வரலாறு.

எனினும், ஒரே பள்ளியில் சேர்வது வேறு. ஒருவரையொருவர் அறிந்து நட்புறுவது வேறு. நாஞ்சில் நாட்டில் மட்டுமன்று, எந்நாட்டிலும் ஒரே வகுப்பறையில் இரு தீவுகள் இருக்கக்கூடும். அத்தீவுகளை உண்டாக்குவதில் பெரியோர்க்கும் பங்கு உண்டு. “ஆண்பிள்ளைகள் இந்த வரிசை, பெண்பிள்ளைகள் அந்த வரிசை” என்றும், “யார் முதலில் முடிக்கிறார்கள், பையன்களா பெண்களா?” என்றும் நாம் தீங்கெண்ணாமலே கூறுகிறோம். லேசி ஹில்லியர்ட், லின் லைபன் என்னும் இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. மழலையர் வகுப்புகள் சிலவற்றில் ஆசிரியர்கள் ஆண் பெண் என்று பிரித்தே அழைத்தும் அமர்த்தியும் வந்தனர். பிறவற்றில் அவ்வாறு செய்யவில்லை. இரண்டே வாரங்களில், பிரித்து அழைக்கப்பட்ட வகுப்புகளின் குழந்தைகள் எதிர்ப்பாலாரைப் பற்றிய ஒருதலை எண்ணங்களில் மிகுந்தனர். அவர்களோடு விளையாடுவதும் குறைந்தது. போட்டியோ வசைமொழியோ அங்கு இல்லை. பிரிவை நாள்தோறும் நினைவூட்டியதே போதுமானதாயிற்று. பெரியோர் வரிசை பிரித்தனர். அவ்வரிசையைச் சிறார் மதிலாக எழுப்பினர்.

இதன் மறுபக்கமும் உண்டு. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புச் சிறார் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி குழுக்களாக அமைக்கப்பட்டனர். திட்டத்தின் நோக்கம் வேறாயினும், குழந்தையின் இடத்தை அதன் கற்றல் நிலை வகுக்குமிடத்தில் ஆண் பெண் என்னும் கோட்டிற்கு வேலை இல்லை. அண்டை மாநிலமாகிய கேரளம் 2024-இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில், தந்தை அடுக்களையில் தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. பிராமியும் சுந்தரியும் பயின்ற எண்ணையும் எழுத்தையும் நம் குழந்தைகள் ஒரே பாயில் அமர்ந்து பயில்வது ஆதிநாதர்க்கு உவப்பான காட்சியாகவே இருக்கும்.

நற்காட்சியின் உறுப்புகளே மருந்து

நோய் இன்னதென அறிந்தோம்; மருந்தையும் நம் நூலிலேயே காண்போம். சமந்தபத்திராசாரியர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் நற்காட்சிக்கு எட்டு உறுப்புகளை வகுத்தார். ஒவ்வோர் உறுப்புக்கும் சிறந்து விளங்கிய ஒருவரைச் சான்றாக நிறுத்தினார். அவ்வெண்மருள் அனந்தமதி, ரேவதி என்னும் இருவர் மகளிர். மகளிர்க்கெனத் தனிப் பட்டியல் வகுக்காது, எண்மரையும் ஒரே வரிசையில் வைத்தார் ஆசாரியர் என்பதைக் கருதுக. அவ்வுறுப்புகளுள் ஐந்து நம் பொருளுக்கு நேரே உரியன.

முதலாவது, அருவருப்பின்மை. உத்தாயன மன்னன் இதற்குச் சான்று. தோழமைக்கு வரும் எவரையும் தொடத்தகாதவராகக் கருதாமை என்று இதனைக் குழந்தைக்கு எளிதாய் உரைக்கலாம். ‘நீ விளையாட வராதே என்று எவரும் எவரையும் சொல்லலாகாது’ என்பதைத் தம் வகுப்பின் விதியாக்கி, அதன் விளைவை 1992-இல் நூலாக எழுதினார் சிகாகோ நகர ஆசிரியை விவியன் பேலி. அவ்விதி அகிம்சையின் ஒரு சிறு கிளை என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, மூடமின்மை. ரேவதி அரசி இதற்குச் சான்று. ஊரே திரண்டு சென்று வியந்த மாயக் காட்சிகளுக்கு மயங்காமல் நின்றவர் அவர். கூட்டம் சொல்வதால் ஒன்று மெய்யாகிவிடாது என்பதைச் சிறார்க்குக் கற்பிக்க இதனினும் சிறந்த கதை இல்லை. ஊர் முழுதும் ஒருபுறம் செல்ல, தனியே மறுபுறம் நிற்கும் துணிவை அவர்கள் ஓர் அரசியிடம் கற்கட்டும்.

மூன்றாவது, உபகூகனம், பிறர் குறையைப் பறைசாற்றாது மறைத்தல். நகைக்கு நேர் மாற்று இது. அழுத சிறுவனைக் கண்டு, “பெண்ணைப்போல அழுகிறான்” என்று ஊருக்கு உரைப்பது தோழமை ஆகாது. அருகில் அமர்ந்து அவன் தேறும்வரை பிறர் கண்ணினின்று காப்பதே தோழமை. அழுகை ஆணுக்கும் உரியது; துயரம் என்னும் நோகஷாயம் ஆண் பெண் பார்த்து எழுவதில்லை.

நான்காவது, ஸ்திதிகரணம், தளர்ந்தவரை நிலைநிறுத்தல். சிரேணிக மன்னரின் மகனாகிய வாரிசேணர், துறவில் மனம் தளர்ந்த தம் தோழரை மீண்டும் நிலைநிறுத்தியமை இதற்குச் சான்று. தோழனைத் தளர்த்துபவனும் தோழன், நிலைநிறுத்துபவனும் தோழன். இவ்விடத்தில் பயிற்சியின் அருமையைக் காட்டும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2009-இல் லின்ட்சே லாம்ப் முதலியோர், தோழர் ஒருவர் ஆண் பெண் என்று இழித்துப் பேசும்போது எவ்வாறு மறுமொழி கூறுவது என்பதைத் தொடக்கப் பள்ளிச் சிறார்க்குக் கற்பித்தனர். அத்தகைய கதைகளைக் கேட்டு மட்டும் இருந்த குழந்தைகளினும், மறுமொழியைத் தம் வாயாற் சொல்லிப் பழகிய குழந்தைகளே உண்மை நிகழ்வில் மிகுதியும் எதிர்த்துப் பேசினர். கதை கேட்டல் நன்று. நாவாற் பழகுதல் அதனினும் நன்று. பஞ்ச நமஸ்காரத்தை நாம் சொல்லிச் சொல்லித்தானே குழந்தையின் நாவில் நிறுத்துகிறோம்? “யார் வேண்டுமானாலும் விளையாடலாம்”, “அவனைப் பார்த்துச் சிரிக்காதே, எனக்குப் பிடிக்கவில்லை” என்னும் இரு சிறு தொடர்களையும் அவ்வாறே பழக்குவோமாக.

ஐந்தாவது, வாத்சல்யம், தாய்ப்பசு கன்றினிடம் காட்டும் அன்பு. விஷ்ணுகுமார முனிவர் இதற்குச் சான்று. ஏனைய நான்கும் இவ்வன்பில் வேரூன்றாவிடின் வெறும் விதிகளாய் உலர்ந்துபோம்.

நாம் செய்யத்தக்கவை

வளரிளம் பருவத்தார்க்கும் மாற்றம் இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை உள்ளடக்கி நடைபெற்ற ஆய்வு ஒன்றில், சில பள்ளிகளில் 7-ஆம் வகுப்பு முதலான மாணாக்கர்க்கு ஆண் பெண் சமன்மை பற்றிய உரையாடல் வகுப்புகள் இரண்டரை ஆண்டுக் காலம் நடத்தப்பட்டன. அப்பள்ளிகளின் மாணாக்கருடைய எண்ணங்கள் சமன்மையை நோக்கி நகர்ந்தன. வீட்டு வேலைகளில் பங்கு கொள்வதாகச் சிறுவர்களும் மிகுதியாகத் தெரிவித்தனர். 2022-இல் வெளியான இம்முடிவு நமக்கு ஊக்கம் தருவது. ஆயின் சேற்றில் கல் இறுகிய பின் பெயர்ப்பதினும், இறுகுமுன் எடுப்பது எளிதன்றோ? ஆகவே நம் கோயில்களைச் சார்ந்த அறநெறிப் பாடசாலைகளில் ஐந்து வயது முதலே பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

பாடசாலையில் குழந்தைகளை ஆண் பெண் என வரிசை பிரியாது, வயதாலோ பாடத்தாலோ அமர்த்துக. இருவர் இருவராய்ச் செய்யும் பணிகளில் இணையை வாரந்தோறும் மாற்றுக. பூத்தொடுத்தல், கோலமிடுதல், விளக்குத் துலக்குதல், பந்தியில் பரிமாறுதல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றில் அனைவரும் முறை வைத்துப் பங்கேற்கட்டும். ஒரு குழந்தை நகைக்கப்படுவதைக் காணின், நகைத்தவரைக் கடிந்து அகலாது, நகைக்கப்பட்டவருடன் அமர்ந்து அவர் செய்த பணியை நாமும் செய்க. பெரியவர் ஒருவர் பூவைக் கையில் எடுத்தால் திடலின் நகை தானே அடங்கும்.

இல்லத்தில் நாள்தோறும் மாலை வழிபாட்டின்போது, குழந்தையோடு ஒரு சிறு பிரதிக்கிரமணம் செய்க. இன்று யாரையேனும் பார்த்துச் சிரித்தேனா? யாரையேனும் விளையாட்டில் சேர்க்காமல் விட்டேனா? யாரேனும் தனியே நின்றபோது அருகில் சென்றேனா? இம்மூன்று வினாக்கள் போதும். விடையைக் குழந்தையே சொல்லட்டும், தண்டனை வேண்டா. தசலட்சணப் பருவத்தின் முடிவில் நாம் அனைவரிடமும் மன்னிப்பு வேண்டும் நாளில், அவர்களும் தம் வகுப்புத் தோழர் தோழியரிடம் சென்று மன்னிப்பு வேண்டப் பழகட்டும்.

இவ்வாறு சிறுவரும் சிறுமியரும் கூடிப் பழகினால் நாணமும் அடக்கமும் கெடும் என அஞ்சுவோர் உளர். அவர்தம் அச்சம் அன்பினால் எழுவது. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆயினும் சிந்திப்போம். ஆறு வயதில் எதிர்ப்பாலாரை நகைக்கவும் அருவருக்கவும் மட்டுமே கற்றவன், பதினாறு வயதில் அவர்களை எவ்வாறு மதிப்பான்? தன்னைப்போல் நோவும் மகிழ்வும் உடைய ஓர் உயிரென்று இளமையில் அறிந்தவனே பின்னர்ப் பிரம்மசரிய அணுவிரதத்தின் பொருளை உணர்வான். மரியாதை என்பது அறிமுகத்தின் பின் வருவது. அதேபோழ்து, தம்மையொத்தவரோடு இருக்க விரும்பும் குழந்தையை வலிந்து இழுத்து வேறு குழுவில் சேர்த்தலும் வேண்டா. பல பக்கங்களையும் நோக்கும் அனேகாந்த நெறி நம்முடையது. கதவைத் திறந்து வைத்தல் நம் கடமை. நுழைதல் அவர்தம் விருப்பம்.

அன்பர்களே, ஒரு பிறவியின் பாரம் பெரும்பாலும் சிறு சிறு வினைகளால் திரண்டது. திடலில் எழும் ஒரு நகை, உதறிய ஒரு கை, கீழே போட்ட ஒரு பூ ஆகியவை நம் கண்ணுக்குச் சிறியவை. அவற்றை ஏற்ற உயிருக்கு அவை சிறியவை அல்ல. சிலர் பாட்டையும் சிலர் கணக்கையும் சிலர் கண்ணீரையும் அன்றே கைவிட்டு, பின்னர் எடுக்காமலே வாழ்ந்து முடிகின்றனர். ஓர் உயிருக்கும் ஊறு செய்யாமை என்னும் நம் பேரறம், எறும்பைக் கண்டு கால் ஒதுக்கும் குழந்தையைத் தோழியின் மனம் கண்டு நா ஒதுக்கவும் கற்பிக்குமாயின், சாரணர் நடந்த மலைகளும் குரத்தியர் கற்பித்த பள்ளிகளும் நம்மிடையே மீண்டும் உயிர்பெறும்.

நல்லினம் பெருகுக! நற்காட்சி ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!